உங்களுக்குத் தெரியுமா? கைப்பேசிக்குள் ஒரு போர்க்களம்

கைப்பேசி அதிரும்போது உள்ளே சுழலும் சின்ன எடை, பெரும்பாலும் டங்ஸ்டன். பாகங்களைப் பலகையோடு பற்றவைத்திருப்பது வெள்ளீயம். கடுகளவு கெப்பாசிட்டர்களில் டான்டலம், இணைப்பு முனைகளில் தங்க முலாம். இந்த நான்குக்கும் 'மோதல் கனிமங்கள்' என்று பெயர். கிழக்குக் காங்கோவின் ஆயுதக் குழுக்களுக்கு இவற்றிலிருந்து பணம் போகிறது.

டான்டலத்தின் தாது கோல்டான். வடக்கு கிவு மாகாணத்தின் ருபாயாவில் மலைச்சரிவை மண்வெட்டியால் வெட்டி, தண்ணீரில் அலசி, மூட்டை கட்டிச் சுமந்து இறக்குகிறார்கள். 2024 ஏப்ரலில் அந்த ஊர் எம்23 கிளர்ச்சிப் படையிடம் விழுந்தது. அங்கே கோல்டானுக்கு அந்தப் படை வசூலிக்கும் வரியே மாதம் சுமார் 8 லட்சம் டாலர் என்றது ஐ.நா. நிபுணர் குழு.

தாது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதை உலைக்குப் போகும் முன்பே பார்த்துவிட வேண்டும். பல ஊர்ச் சரக்கு ஒன்றாக உருகிவிட்டால் தடயமே இருக்காது. சுரங்கங்கள் ஆயிரக்கணக்கில், பொருள் செய்யும் கம்பெனிகளும் அப்படியே. நடுவிலுள்ள உலைக்கூடங்களோ சில நூறுதான். தணிக்கையாளர்கள் அங்கே கண் வைப்பது அதனால்தான். சுரங்க வாசலிலேயே மூட்டைக்கு எண் சீட்டு கட்டும் முறையும் உண்டு. ஆனால் ருபாயா கோல்டான் ருவாண்டாவுக்குக் கடத்தப்பட்டு, அந்நாட்டுச் சரக்கோடு கலந்துவிடுகிறது என்பதையும் அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. சீட்டை மட்டும் பார்த்துச் சரக்கை நம்பிவிடக் கூடாது.

2010இல் வந்த அமெரிக்காவின் டாட்-ஃபிராங்க் சட்டம் இவற்றை வாங்கத் தடை போடவில்லை. அந்நாட்டுப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் விசாரித்து அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2021 ஜனவரி 1 முதல் இறக்குமதியாளர்களைக் கட்டுப்படுத்துகின்றன.

காங்கோவின் புகாவு நகரில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் சிகிச்சை தந்துவந்த டாக்டர் டெனிஸ் முக்வேகே 2018இல் அமைதி நோபல் பெற்றார். விருது மேடையிலேயே அவர் கைப்பேசிகளையும் அவற்றிலுள்ள கனிமங்களையும் பற்றிப் பேசினார்.

பேட்டரிக்கான கோபால்ட் அந்த நான்கில் சேராது. ஆனால் உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் காங்கோவில்தான்.

கனிமத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கொடுமை நம் நாட்டிலும் உண்டு. ஐஷேடோவையும் கார் பெயின்ட்டையும் மினுங்க வைக்கும் மைக்காவை, ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளில் பிள்ளைகளும் கொத்திப் பொறுக்குகிறார்கள். குறுகிய குழிகள் சரிந்து உயிர்களும் போயிருக்கின்றன. நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து 2017இல் 'ரெஸ்பான்ஸிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்' தொடங்கின. அரசுப் பதிவேட்டில் உள்ள உற்பத்தியைவிட ஏற்றுமதி பல மடங்கு என்று செய்தியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கணக்கில் வராத அந்தச் சரக்கில்தான் பிள்ளைகள் பொறுக்கியதும் கலக்கிறது.