856 அடிக்கு எத்தனை கிராம்?

அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான மாதிரி ராக்கெட் போட்டியில் மதிப்பெண் குறைந்தவர்தான் ஜெயிப்பார். பூஜ்யம் வாங்கினால் குறையே இல்லை. 2003-இல் வர்ஜீனியாவின் தி பிளெயின்ஸ் என்ற ஊரில் முதல் இறுதிச்சுற்று நடந்தபோது இலக்கு 1,500 அடி, சுமை 2 பச்சை முட்டை. அப்போலோ 11 நிலவில் இறங்கிய 50-ஆவது ஆண்டான 2019-இல் முட்டை 3, உயரம் 856 அடி. புறப்பட்டதிலிருந்து தரை தொட 43 முதல் 46 விநாடி ஆகலாம் என்று இருந்தது.

856 அடி என்பது சுமார் 261 மீட்டர். அந்த ஆண்டு விதிப்படி, ஏவும்போது ராக்கெட்டின் மொத்த எடை 650 கிராமைத் தாண்டக் கூடாது. அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க ஆகும் வேலை ஏறக்குறைய 1,660 ஜூல். 10 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று மூன்று நிமிடம்கூட எரியாது இதில். மோட்டாரின் கணத்தாக்கு, அதாவது விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கியது, 80 நியூட்டன்-விநாடி வரை இருக்கலாம். காற்றே இல்லாவிட்டால் சுமார் 46 போதும். மிச்சம் 34 காற்றுத் தடைக்கும், எரியும் நேரத்தில் புவியீர்ப்பு பிடித்துக்கொள்வதற்கும். ஆக, வலு இங்கே பிரச்சினையே இல்லை.

பிரச்சினை துல்லியம். இலக்கிலிருந்து கூடினாலும் குறைந்தாலும் ஓர் அடிக்கு 1 புள்ளி, நேர வரம்புக்கு வெளியே ஒரு விநாடிக்கு 4 புள்ளி. ஒரு முட்டையில் கீறல் விழுந்தாலும் அந்த ஏவல் செல்லாது. முட்டை ஒவ்வொன்றும் 55 முதல் 61 கிராம் இருக்கலாம் என்றது அந்த ஆண்டு விதி. எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். மூன்றும் 55 என்றால் 165, மூன்றும் 61 என்றால் 183. வித்தியாசம் 18 கிராம், மொத்த எடையில் 2.8 சதவீதம். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால் உயரம் எடையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், அதனால் 5.5 சதவீதம், அதாவது 47 அடி போய்விடும். காற்றில் இது கொஞ்சம் குறையும், ஆனாலும் 47 புள்ளிக்கு இடம் கொடுக்கும் முட்டையை யாராவது நிறுக்காமல் வைப்பார்களா? அதனால்தான் ஏவும் முன் தராசில் முட்டையை வைத்து, இத்தனை கிராம் என்று எழுதிக்கொண்டு, குறைந்ததைக் களிமண்ணால் ஈடுகட்டுகிறார்கள்.

மோட்டாரும் ஒரே மாதிரி எரியாது. கணத்தாக்கு 1 சதவீதம் பிசகினால் உயரம் 2 சதவீதம், அதாவது 17 அடி பிசகும். களிமண் இதற்கு உதவாது.

நேரம் அவ்வளவு கறார் இல்லை. உச்சிக்குப் போக 7 விநாடி என்றால், மீதி 37 விநாடியில் 261 மீட்டர் இறங்க வேண்டும்: விநாடிக்கு 7 மீட்டர். அரை கிலோ ராக்கெட்டுக்குச் சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள பாராசூட் அதைக் கொடுக்கும். 3 விநாடி சலுகையும் இருக்கிறது.

உயரத்தை அளப்பது காற்றழுத்தத்தை உணரும் சிறு ஆல்டிமீட்டர். ஓர் அடிக்கு அழுத்தம் மாறுவது வெறும் 3.7 பாஸ்கல்.

தகுதிச் சுற்றில் 3 ஏவல் வரை அனுமதி, சிறந்த 2-இன் கூட்டு மதிப்பெண். முதல் 100 அணிகள் இறுதிக்கு. மொத்தப் பரிசு 1,00,000 டாலர். ஆனால் அந்த 2 நல்ல ஏவலுக்குப் பின்னால் பல சோதனை ஏவல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மோட்டாரைத் தின்கிறது. 80 நியூட்டன்-விநாடி வரம்பு பணக்கார அணியின் மோட்டார் வலுவைக் கட்டுப்படுத்துகிறது. அந்த அணி எரிக்கும் மோட்டார்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவில்லை. இந்த விதிகளில் நான் காணும் ஒரே ஓட்டை அது.