விளக்கு எரிந்தால் போதுமா?

பீடோர் பட்டணத்தை ஒட்டிய தாமான்களில் அடிக்கடி நடப்பதுதான் இது. மலிவு விலை வீடு ஒன்றை வாங்கியவர், சில ஆண்டுகளில் பின்பக்கம் தகரக் கூரை போட்டு அடுப்படியை நீட்டிக் கட்டுகிறார். அங்கே கரண்டு வேண்டும். தெரிந்த தம்பி ஒருவர் வருகிறார். ஏற்கெனவே உள்ள பிளக் பாயிண்டிலிருந்து வயரை இழுத்து, ஒரு டியூப் லைட், ஐஸ் பெட்டிக்கு ஒரு பாயிண்ட், குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு ஒன்று எனப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுகிறார். செலவும் குறைவு. "சர்ட்டிபிகேட் உள்ளவரைக் கூப்பிட்டிருக்கலாமே" என்று யாராவது சொன்னால், "எதுக்குண்ணே? அதான் லைட்டு எரியுதே!" என்பதுதான் பதில்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும், அதன்கீழ் வந்த 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் இதைத் தெளிவாகவே வரையறுக்கின்றன. வீட்டு வயரிங் வேலை, தகுதிச் சான்றிதழ் பெற்ற பெண்டாவாய், அதாவது வயர்மேன், ஒருவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதற்குப் பொறுப்பேற்று ஒரு பாரம், சோதித்துப் பார்த்ததற்கு இன்னொரு பாரம். இவற்றைத்தான் போரங் ஜி, போரங் எச் என்கிறார்கள். சான்றிதழ் வழங்குவது சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம். பலர் அதைத் தெனாகா நேஷனல் நிறுவனத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். தெனாகா நேஷனல் மின்சாரம் விற்கும் நிறுவனம். அதன் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. மீட்டருக்கு உள்பக்கம் நடப்பதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விளக்கு எரிந்தால் போதாதா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். போதாது. விளக்கு எரிய இரண்டு வயர் போதும். மூன்றாவதாகிய எர்த் வயர் இல்லாவிட்டாலும் எரியும். சுவிட்சை லைவ் வயரில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தாலும் எரியும். சுவிட்சைத் தட்டினால் அணையவும் செய்யும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறுபவருக்குத்தான் அது தெரியவரும்.

"மெயின் பாக்ஸில் எம்.சி.பி. இருக்கிறதே, ஏதாவது நடந்தால் விழுந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் மண்ணில் அடித்த கம்பிதான் எர்த். அந்தக் கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சுடுநீர்க் கருவிக்குள் லைவ் வயர் நழுவி அதன் உலோகப் பாகத்தைத் தொட்டால், மண்ணுக்குள் ஓடும் மின்சாரம் 230ஐ 20ஆல் வகுத்தால் கிடைக்கும் 11.5 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது. அது காப்பது வயரை, மனிதரை அல்ல. மனித உடம்புக்கோ 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, சில விநாடிகள் நீடித்தாலே உயிராபத்து.

மனிதரைக் காக்க இருப்பது ஆர்.சி.டி.; பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கோ கசிகிறது என்றால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். 1994 விதிமுறைகள் இதற்கு அளவும் சொல்கின்றன. பொதுவாக 100 மில்லி ஆம்பியர். கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு 30. தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10. குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. தனியாக வைக்கக் காரணம் இதுதான். மேலும் 3.6 கிலோவாட் கருவி இழுப்பது ஏறத்தாழ 15.7 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் பிளக் சூடேறி உருகத் தொடங்கும். அதற்கு மெயின் பாக்ஸிலிருந்து தனி வயரும் 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்சும் வேண்டும்.

இந்தக் குறைகளில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 500 வோல்ட் மெக்கர் வைத்து வயரின் காப்பைச் சோதிக்க வேண்டும். எர்த் தடையை அளக்க வேண்டும். ஆர்.சி.டி. எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் கொடுக்கும் கூலியில் பாதி இந்தச் சோதனைக்குத்தான் என்று எடுத்துக்கொண்டால், சான்றிதழ் பெற்றவர் கேட்கும் தொகை அதிகமாகத் தோன்றாது.

அதற்காகச் சான்றிதழ் இல்லாத தம்பிகளைக் குறை சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930லேயே இயங்கத் தொடங்கியது. ஆனால் அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குத்தான் போனது. பல தோட்டத்து லயங்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குதான். பிறகு வந்த தோட்டத்து ஜெனரேட்டரும் இரவில் சில மணி நேரமே ஓடியது. அந்த இன்ஜின் கொட்டகையில் எடுபிடியாக நின்று, பார்த்துப் பார்த்தே வேலை கற்றவர்கள் நம்மில் உண்டு. கைத்திறன் அவர்களிடம் நிறையவே இருக்கிறது. இல்லாதது சோதனைக் கருவியும் தாளும்தான். அனுபவம் உள்ளவர், ஆணையம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்துத் தேர்வு எழுதினால் ஒரு ஃபேஸ் வயர்மேன் ஆகலாம். பிறகு மூன்று ஃபேஸுக்கும் போகலாம். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெற்றோர் அவனை அந்தப் பக்கம் தள்ளிவிடுவது நல்லது.

மற்ற நாடுகளில் விதி ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரி முதல்தான் வீட்டு வயரிங் கட்டட விதிகளுக்குள் வந்தது. நியூசிலாந்தில் சொந்த வீட்டில் சில வயரிங் வேலைகளை வீட்டுக்காரரே செய்ய அனுமதி உண்டு. ஆனால் மின் இணைப்புக் கொடுக்கும் முன் உரிமம் பெற்றவர் சோதித்தாக வேண்டும். கை யாருடையது என்பதில் தளர்வு காட்டும் நாடுகூட, சோதனையில் தளர்வு காட்டவில்லை.

பல்பு, டியூப் லைட் ஸ்டார்ட்டர், பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸ் ஆகியவற்றை வீட்டுக்காரரே மாற்றலாம். பிளக் மாட்டும்போது மட்டும் வயர் நிறத்தைக் கவனிக்க வேண்டும். கருவியின் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய வீட்டுச் சுவருக்குள் ஓடுவதோ சிவப்பு, கறுப்பு, பச்சை. இதைத் தாண்டிய வேலைக்கு ஆளை அழைக்கும்போது சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேலை முடிந்ததும் இரண்டு பாரங்களையும் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

மெயின் பாக்ஸில் உள்ள ஆர்.சி.டி.யில் டெஸ்ட் என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் குடிபோன நாளிலிருந்து அதில் விரல் பட்டதே இல்லை. அழுத்தியும் அது விழவில்லை என்றால், அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.