பட்டத்துக்குப் பிறகு – 6: சவர்த் தண்ணீரில் ஒரு கேள்வி

சென்ற இதழில் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கும் முறையைப் பார்த்தோம். விண்ணப்பத்துக்கு முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உயிர் மருத்துவ விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு மாணவர் தேடும் பேராசிரியர் புள்ளிகளைப் பார்க்கத்தான் செய்வார். ஆனால், ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு விடை காணும்வரை உழைத்த மாணவரையே அவர் விரும்புவார். அந்த உழைப்பைப் பழக வெளிநாடு போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

டெங்கு நுளம்பு நன்னீரில் பெருகும் என்றே படித்திருக்கிறோம். ஒழிப்பு வேலையும் அதை நம்பியே நடந்து வந்தது: தேங்கிய மழைத்தண்ணீரைக் கொட்டுவது, சிரட்டையைக் கவிழ்ப்பது, பூச்சாடியைத் துடைப்பது. விஞ்ஞானி ரஞ்சன் இராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் எஸ்.என். சுரேந்திரனும் இடம்பெற்ற ஆய்வுக் குழு, கரையோரச் சவர்த் தண்ணீரிலும் தேடியது. கைவிட்ட மீன்பிடி வள்ளங்கள், பாவிக்காத கிணறுகள், வீசியெறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்கள் என்று தேடியதில், லீற்றருக்குச் சுமார் 2 முதல் 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரில் குடம்பிகள் அகப்பட்டன. கடல் நீரில் உள்ள உப்பு லீற்றருக்குச் சுமார் 35 கிராம். இந்த முடிவுகள் 2011இல் சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தன.

இத்தகைய ஆய்வின் படிகளைக் கவனியுங்கள். குடம்பியைக் கண்டால் மட்டும் போதாது. அது எந்த நுளம்பு என்று உறுதியாக வேண்டும். முதிர்ந்த நுளம்பென்றால் முதுகே அடையாளம் சொல்லும். டெங்கைப் பரப்பும் இரு நுளம்புகளில், ஏடிஸ் எஜிப்தியின் முதுகில் யாழ் வடிவில் வெண்கோடுகள் இருக்கும். ஏடிஸ் அல்போபிக்டசுக்கு நடுவே ஒற்றை வெண்கோடு. அடுத்து ஒரு சந்தேகம் எழும்: நன்னீரில் இட்ட முட்டைதான் பிறகு உப்பில் அகப்பட்டதோ? பெண் நுளம்பு சவர்த் தண்ணீரிலேயே முட்டையிடுவதையும், குடம்பி அதிலேயே பிழைத்து நுளம்பாவதையும் குழுவினர் காட்டினார்கள். யாழ் நகரில் அத்தகைய இடங்களின் அயலில் டெங்கு ஒப்பளவில் கூடுதலாக இருந்ததையும் பதிவு செய்தார்கள். கடல்மட்டம் உயர்ந்தால் சவர் நிலைகளும் பெருகும் என்பதால், டெங்கு பரவும் கரையோர நாடுகளுக்கெல்லாம் இது முக்கியமான செய்தி.

கேள்வி கேட்டுச் சான்று தேடும் இந்தப் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே தொடங்குங்கள். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை படியுங்கள். சுருக்கத்தோடு நிறுத்தாமல் செய்முறையையும் வரைபுகளையும் படித்து, இந்த முடிவுக்கு இந்தச் சான்று போதுமா என்று கேளுங்கள். ஆய்வுக் குறிப்பேட்டில் திகதியிட்டுப் பேனையால் எழுதுங்கள். பிழைத்துப்போன பரிசோதனையும் அதில் இருக்க வேண்டும். தவறை ஒற்றைக் கோட்டால் வெட்டுங்கள், அழிக்காதீர்கள். புள்ளிவிபரவியலை இலவசமாகக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருளில் பழகுங்கள். உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள், படித்த கட்டுரையைப் பற்றி வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி விரிவுரையாளரிடம் காட்டுங்கள். உங்கள் சிந்தனையை அறிந்த ஆசிரியரால்தான் கனமான சிபாரிசுக் கடிதம் எழுத முடியும். மனிதரின் இரத்தமோ தகவலோ தேவைப்படும் ஆய்வென்றால், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

குடாநாட்டில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கலக்கிறது. வெற்றிலை பாக்குப் பழக்கத்தோடு வாய்ப் புற்றுநோய் வருகிறது. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. இவற்றின் தாக்கத்தை அன்றாடம் காண்பவர்கள் நீங்கள்.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் ஊரில் கண்ட ஒரு கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு விரிவுரையாளரைப் பாருங்கள்.

(தொடரும்)