செவிடான செல்

பிறந்த கையோடு இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பிரான்ஸின் கால்மெட்டும் கெரானும் 13 ஆண்டுகளில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்துப் பல்லைப் பிடுங்கிய வடிவம் அது. நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு கொப்புளம், பிறகு ஒரு தழும்பு. கதை அவ்வளவுதான்.

துனிசியாவில் ஒரு குழந்தைக்கு அவ்வளவோடு முடியவில்லை. பல் பிடுங்கிய கிருமியே உடல் முழுக்கப் பரவி உயிரைக் குடித்தது. பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள். மால்டா தீவில் நான்கு பிள்ளைகளுக்கோ, காசநோய்க் கிருமியின் உறவுக்காரர்களான, மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாகக் கிடக்கும் மைக்கோபாக்டீரியாக்களே எமனாயின, மூவர் பிழைக்கவில்லை. 1996 டிசம்பரில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே மருத்துவ இதழில் ஒரே காரணத்தைச் சொன்னன: இந்தக் குழந்தைகளின் செல்களில், இண்டர்ஃபெரான் காமா என்ற சேதிப் புரதத்தைக் கேட்கும் ஏற்பி வேலை செய்யவில்லை.

காசநோய்க் கிருமியின் சாமர்த்தியம் தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தன்னை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் செல்லைக் கண்டு அது ஓடாது. உள்ளே போய்க் குடியேறிவிடும். செரிக்கும் அமிலப் பை தன்னோடு வந்து சேராமலும் பார்த்துக்கொள்ளும். விழுங்கிய செல் தனியாக இதைச் சமாளிக்க முடியாது. அது ஐ.எல்-12 என்ற புரதத்தை வெளியே அனுப்புகிறது. டி செல்கள், என்.கே. செல்கள் என்னும் பாதுகாப்புச் செல்கள் அதை உணர்ந்து இண்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றன. அது திரும்பி வந்து ஏற்பியில் பொருந்திய பிறகே விழுங்கிய செல்லுக்குள் கிருமியை எரிக்கும் அடுப்பு முழுதாகப் பற்றுகிறது.

கஷாய விளம்பரங்கள் சொல்லும் 'எதிர்ப்பு சக்தி' ஏதோ தொட்டியில் நிரப்பும் தண்ணீர் மாதிரி ஒலிக்கிறது. இந்தக் குழந்தைகளோ மற்றப் பல கிருமிகளைச் சமாளித்தவர்கள். அவர்களிடம் அறுந்திருந்தது ஒரே ஒரு இழை.

எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்தே வைத்தியம். ஐ.எல்-12 பக்கம் பழுது என்றால், நோய்க்கிருமி மருந்துகளோடு இண்டர்ஃபெரான் காமாவை ஊசியாகப் போடலாம், பலன் உண்டு. ஏற்பியே அறவே இல்லையென்றால் அந்த ஊசி செவிடன் காதில் ஊதிய சங்கு. எலும்பு மஜ்ஜை மாற்றுவதுதான் வழி, அதுவும் லேசில் ஒட்டுவதில்லை.

பிறவிக் கோளாறு இல்லாமலும் இது நேரலாம். தாய்லாந்திலும் தைவானிலும் பெரியவர்கள் சிலரின் உடலே இண்டர்ஃபெரான் காமாவுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிப்பதை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. அனுப்பிய செல்லும் சரி, கேட்கும் செல்லும் சரி. சேதிதான் வழியிலேயே பறிபோகிறது.

பிறவிக் கோளாறு மிக அரிது. ஆனாலும் மூத்த குழந்தைக்கு பி.சி.ஜி. கிருமி உடலில் பரவியிருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் தாயும் சேயும் வீடு திரும்பும் முன்பே ஊசி போட்டுவிடுவது வழக்கம்.