தூக்குவதற்கு முன்னால்

துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகளும், விடியுமுன்பே உப்பளத்துக்குக் கிளம்பும் இருசக்கர வண்டிகளும் தூத்துக்குடியில் ஒரே சாலையில்தான் போகின்றன. அந்தச் சாலைக்கு ஓடும் 108 வண்டியில் நான் மருத்துவ உதவியாளர். விபத்து நடந்த இடத்தில் இறங்கியதுமே கூட்டம் கத்தும்: "தூக்கிப் போடுங்க அண்ணாச்சி, சீக்கிரம்!" இரக்கத்தில் கத்துகிறார்கள். ஆனால் கழுத்தெலும்பு நொறுங்கிக் கிடப்பவரை அப்படித் தூக்கினால் தண்டுவடம் நசுங்கி, கைகால் ஆயுளுக்கும் விளங்காமல் போகலாம்.

தரையில் நாங்கள் செலவிடும் அந்தச் சில நிமிடங்களும் சிகிச்சைதான். முதலில் ரத்தம். பீறிடும் காயத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காயத்தில் காபித்தூள் வேண்டவே வேண்டாம். அடுத்து மூச்சு. மயங்கியவரின் தலையைச் சாய்க்காமல், தாடையை மட்டும் இரு பக்கமும் பிடித்து முன்னால் தள்ளினால் நாக்கு விலகி வழி விடும். ஹெல்மெட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழுத்தைத் தாங்கியே இருக்க வேண்டும். காயம்பட்டவரைப் பலகைக்கு மாற்றும்போது தலையைப் பிடித்திருப்பவர் சொன்ன பிறகே மற்றவர்கள் அசைக்கலாம். உடம்பு முழுவதும் ஒரே வாக்கில் திரும்ப வேண்டும்.

அதற்குள் பெட்டிக்கடையிலிருந்து சோடா வந்துவிடும். கொடுக்காதீர்கள். வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

உச்சி வெயிலிலும் நாங்கள் போர்வை போர்த்துவதைப் பார்த்துப் பலர் சத்தம் போடுகிறார்கள். ரத்தம் இழந்த உடம்பு சூட்டையும் இழக்கும். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, கசிவு எளிதில் நிற்காது.

மீனை ஐஸில் போட்டுப் பழகிய ஊர் இது. துண்டான விரலையும் அப்படியே ஐஸில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை செத்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும்.

செலவுக்கும் போலீஸுக்கும் பயந்து ஒதுங்கி நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட தொகைவரை அரசே ஏற்கிறது. உதவியவர்மீது வழக்கு வராமல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. பெயர் கேட்டுக் கட்டாயப்படுத்தவும் கூடாது. வேறெதுவும் தெரியாவிட்டால், 108-ஐ அழைத்துவிட்டுக் காயத்தை அழுத்திக்கொண்டே இருங்கள். நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம்.