கதவைச் சாத்தினால் மட்டும் போதுமா?

"அந்த ஆளை நான் பிளாக் பண்ணிட்டேன்" என்று பெண்கள் சொல்வது இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் பிளாக் செய்வது வேறு, குரூப்பை விட்டே ஒருவரை நீக்குவது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பிளாக் என்பது நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. வாட்ஸ்அப்பில் ஒருவரை பிளாக் செய்தால் அவர் அனுப்பும் செய்தி நமக்கு வராது. அவர் போனில் ஒரே டிக்கோடு நின்றுவிடும். நம் ஸ்டேட்டஸும் அவருக்குத் தெரியாது. ஆனால் இருவரும் ஒரே குரூப்பில் இருந்தால், அங்கே அவர் போடுவதை நாமும், நாம் போடுவதை அவரும் பார்க்கலாம். அடுத்த வீட்டுக் கதவை அவர் தட்டுவதையும் நம்மால் தடுக்க முடியாது. அவரை வெளியே அனுப்ப குரூப் அட்மினால்தான் முடியும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு குரூப்பில் ஒருவர், பெண்களின் நம்பரை எடுத்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல், "தூங்கலையா? புரொபைல் போட்டோ ரொம்ப நல்லா இருக்கு" என்று தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். வெளியே சொன்னால் வம்பு என்று ஆளாளுக்கு பிளாக் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். புதிதாகக் குடிவந்த மருமகள் பெண்ணுக்கும் அதே செய்தி வந்தபோது அவள் மாமியார், "நீ குரூப்பை விட்டே வந்துடும்மா" என்று சொல்லிவிட்டார். தண்ணீர் லாரி வருவது, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அந்த குரூப்பில்தான் சொல்வார்கள். தப்பு செய்தவர் உள்ளே, அந்தப் பெண் வெளியே! இது என்ன நியாயம்?

விசாரித்ததில் ஆறு பேருக்கு இப்படி வந்திருந்தது. ஸ்கிரீன்ஷாட்டுகளோடு அட்மினான சங்கச் செயலாளரிடம் போனோம். "பிடிக்கலேன்னா பிளாக் பண்ணிக்குங்களேம்மா. அவரும் ஃபிளாட் ஓனராச்சே!" என்றார். "சார், நாங்க பிளாக் பண்ணியாச்சு. நாளைக்கு ஏழாவதா ஒரு பொண்ணு வருவாளே, அவளுக்கு யார் சொல்றது?" என்று கேட்டேன். கமிட்டி கூடியது. அந்த ஆளை அழைத்து விசாரித்த பிறகு குரூப்பிலிருந்து நீக்கினார்கள். ஓனர் என்பதால் தண்ணீர், மின்சார அறிவிப்புகளை நோட்டீஸ் போர்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணும் குரூப்புக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

நீக்கினாலும் நம் நம்பர் அவரிடம் இருக்குமே! அதனால் பிளாக்கும் வேண்டும். வாட்ஸ்அப் பிளாக் சாதாரண போன் காலைத் தடுக்காது. போனிலும் தனியாக பிளாக் செய்ய வேண்டும். முதலில் "இனி எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்" என்று ஒரு வரி எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள்.

வாட்ஸ்அப் நிறுவனத்துக்கே ரிப்போர்ட் செய்யவும் வழியுண்டு. கடைசி ஐந்து செய்திகள் அவர்களுக்குப் போகும். அனுப்பியவருக்கு இது தெரியாது. விதிமீறல் என்று அவர்கள் முடிவு செய்தால் அந்தக் கணக்கையே முடக்குவார்கள். 2021 மே 15 முதல் ஜூன் 15 வரை ஒரே மாதத்தில், இந்தியாவில் 20 லட்சம் கணக்குகளை இப்படித் தடை செய்ததாக அவர்களே அறிவித்தார்கள். பெரும்பாலும் கும்பலாகச் செய்தி அனுப்பிய கணக்குகள் அவை.

வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவன் தொடர்ந்து தொல்லை தந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி அது குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

சகோதரிகளே, கதவைச் சாத்துங்கள், தப்பில்லை. கூடவே பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.