சி நிரலில் அசெம்பிளி மொழியைக் கலத்தல்

சி மொழி நிரலின் சில பகுதிகளை மட்டும் அசெம்பிளி மொழியில் எழுதி, இரண்டையும் ஒரே நிரலாக இயக்க முடியும். வன்பொருளை நேரடியாகக் கையாளும் இடங்களில் இது இன்றியமையாதது. 1973 இல் யூனிக்ஸ் கரு சி மொழியில் மாற்றி எழுதப்பட்டபோதும் ஒரு சிறு பகுதி அசெம்பிளியிலேயே நீடித்தது.

வழிமுறைகள்

இரு மொழிக் கோப்புகளையும் தனித்தனியே ஆப்ஜெக்ட் கோப்புகளாக மாற்றி, இணைப்பியால் ஒன்றாக்கலாம். ஜிசிசி போன்ற கம்பைலர்களில் சி செயற்கூற்றுக்குள்ளேயே அசெம்பிளிக் கட்டளைகளை எழுதவும் முடியும். அப்போது எந்தப் பதிவகங்கள் மாற்றப்படுகின்றன என்பதைக் கம்பைலருக்கு அறிவிக்க வேண்டும்.

அழைப்பு மரபு

செயற்கூறுகளுக்கிடையே மதிப்புகள் கைமாறும் முறை அழைப்பு மரபு எனப்படும். 64 பிட் எக்ஸ்86 லினக்சில் முதல் ஆறு முழுவெண் மதிப்புகள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 பதிவகங்களில் வரும்; விடை ஆர்ஏஎக்ஸில் திரும்பும். எனவே இரு எண்களைக் கூட்டும் அசெம்பிளிச் செயற்கூறு, ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ இரண்டின் கூட்டுத்தொகையை ஆர்ஏஎக்ஸில் இட்டுத் திரும்பினால் போதும். 64 பிட் விண்டோசிலோ முதல் இரு மதிப்புகள் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் ஆகியவற்றில் வருவதால், அதே செயற்கூறு அங்கே தவறான விடை தரும்.

லினக்சில் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரையான பதிவகங்களைப் பயன்படுத்தும் செயற்கூறு, திரும்புமுன் அவற்றின் பழைய மதிப்புகளை மீட்டுவைக்க வேண்டும். தவறினால் கம்பைலர் எச்சரிக்காது; பிழை, தொடர்பில்லாத வேறோர் இடத்தில் வெளிப்படும்.